உப்பு வாங்காத தெரு

கமலவேணி சண்டைக்குப் போகும்போது செருப்புப் போட மாட்டாள். கால்வாய்த் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஊர் முழுக்கச் செருப்புக்கும் ஷூவுக்கும் தோல் பதப்படுத்துகிற ஆம்பூரில், புருஷனும் டேனரியிலேயே வேலை பார்க்க, வாசலில் இரண்டு ஜோடி கிடந்தும் கோபம் வந்தால் அவளுக்கு வெறுங்கால்தான் வேண்டும். எண்பத்து நான்காம் வருஷம், பங்குனி மாதம், ஒரு வியாழக்கிழமை பதினொரு மணி வெயிலில் இடுப்பில் அலுமினியக் குண்டானை வைத்துக்கொண்டு அவள் காம்ப்ளெக்ஸ் பக்கம் நடந்தபோது, குழாயடியில் நின்ற பெண்கள் காலைத்தான் முதலில் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வழியை விட்டார்கள்.

காம்ப்ளெக்ஸ் வந்து அப்போது இரண்டு வருஷம். அதற்கு முன்னால் மளிகைக்கு பஜார், மாவு அரைக்க ரயில்வே கேட் தாண்டி மில், மாத்திரைக்கு ஆஸ்பத்திரி ரோடு, ரவிக்கை தைக்க மசூதிப் பின்சந்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. இரும்பு ஷட்டர், மொசைக் தரை, பகலிலேயே எரிகிற டியூப்லைட். கீழே ஹபீப் பாய் மளிகை, மெடிக்கல், டெய்லர், கேசட் கடை, கோடியில் ஹயாத் பாஷா ஓட்டல், பின்பக்கம் மாவு மில். மாடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவைத் தவிர மற்ற கடைகள் வாடகைக்குப் போகாமல் பூட்டியே கிடந்தன. கால்வாய்த் தெருப் பெண்கள் நாளைக்கு மூன்று தடவையாவது போய்வருவார்கள். தீப்பெட்டிக்கு ஒரு நடை, தீப்பெட்டி வாங்கப் போய் மறந்த சீயக்காய்க்கு ஒரு நடை, கேசட் கடையில் ஓடுகிற பாட்டை முழுசாய்க் கேட்காமல் வந்துவிட்டோமே என்று இன்னொரு நடை.

கமலவேணி மட்டும் ஆறு மாதமாகச் சண்டை போடத்தான் அங்கே போய்க்கொண்டிருந்தாள்.

அவள் சாப்பாடு போடுகிறவள். அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து, அடுத்த தெருவில் ரூம் எடுத்துத் தங்கி, அவள் புருஷன் சம்பத் வேலை செய்யும் அதே டேனரியில் வேலை பார்க்கிற எட்டுப் பேருக்கு இரண்டு வேளை கேரியர். குழம்பு, ரசம், ஒரு பொரியல், ஞாயிற்றுக்கிழமை கறி. ஐந்து வருஷமாக ஒருத்தன் வாயிலிருந்தும் ஒரு குறை வந்ததில்லை. அவள் கைப் பருப்புக் குழம்புக்காகவே ரூம் மாற்றாமல் இருக்கிறவர்கள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொள்ள அவளுக்கு வேறு பெருமையும் இல்லை. பிள்ளைகள் இல்லை, நகை இல்லை, இந்தக் கை ஒன்றுதான்.

அந்தக் கைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. ஆவணி வாக்கில் பருப்பு வேகாமல் நின்றது. ஒரு மணி நேரம் எரித்தாலும் தோலுரித்த கல் மாதிரி அடியில் கிடந்தது. சோறு வெள்ளையாக வராமல் பழுப்படித்தது. பால் காய்ச்சினால் திரிந்தது, பால்காரனை மாற்றினாள். சோப்பு நுரைக்கவில்லை, காம்ப்ளெக்ஸில் இருக்கிற சோப்பையெல்லாம் ஒன்று மாற்றி ஒன்று வாங்கிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஹபீப் பாயிடம் ஒரு சண்டை போட்டாள். பருப்புக்கு ஆப்பச் சோடா போட்டாள். பருப்பு கரைந்தது, ருசியும் கூடவே கரைந்து, சாப்பிட்டவர்கள் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டேனரியில் உட்கார்ந்திருந்தார்கள். தை மாதத்தில் இரண்டு பேர் கேரியரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹயாத் பாஷா ஓட்டலுக்குப் போனார்கள். மாசியில் இன்னும் இரண்டு பேர். மிச்சம் நாலு பேர். அந்த நாலு பேரில் மூத்தவர் வீரபாகு, அதிர்ந்து பேசாத மனுஷன், முந்தின நாள் ராத்திரி கேரியரைக் கொடுக்க வந்தபோது வாசலிலேயே நின்றார். அக்கா, கோச்சுக்காதே, பல்லு வலிக்குது என்றார்.

அவர் போன பிறகு கமலவேணி வெகுநேரம் அடுப்பங்கரையிலேயே இருந்தாள். சம்பத் வழக்கம்போல வயிறு சரியில்லை என்று ஒரு டம்ளர் மோரை மட்டும் குடித்துவிட்டுப் படுத்துவிட்டான். அவனுக்கும் பல மாதமாக வயிற்றுக் கோளாறு. காம்ப்ளெக்ஸ் மெடிக்கலில் ஓமத் திரவம் வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கணக்கெல்லாம் சேர்ந்துதான் வியாழக்கிழமை வெறுங்காலாக நடந்தது.

ஹபீப் பாய் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். கமலவேணி குண்டானைக் கல்லாவுக்கு முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். இரண்டு மணி நேரம் கொதித்த பருப்பு. ஒரு கரண்டி அள்ளித் தராசுத் தட்டில் போட்டாள். அது டிக்டிக்கென்று சத்தம் போட்டது.

இது பருப்பா, இல்லை பாலாற்று மணலைச் சலித்து வைத்திருக்கிறாயா என்று ஆரம்பித்தாள். மூன்று வருஷத்துப் பழசை மூட்டை மாற்றி விற்கிறாய், சோப்பிலும் போலி, பாலுக்கும் உனக்கும்கூட ஏதோ சம்பந்தம் இருக்கும், ஒரு பொம்பிளை பிழைக்கிற பிழைப்பில் மண் போடுகிற நீ வெள்ளிக்கிழமை தொழுகைக்கு எந்த முகத்தோடு போகிறாய் என்று கேட்டாள். கேசட் கடைக்காரன் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். மாவு மில்லுக்கு வந்த பெண்கள் தூக்கோடு வந்து நின்றுகொண்டார்கள்.

ஹபீப் பாய் ஐம்பது வயது மனுஷன். பொறுமை அவர் கடையில் இருந்த சரக்குகளில் ஒன்று. அன்றைக்கு அதுவும் தீர்ந்திருக்க வேண்டும். தராசுத் தட்டிலிருந்த பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்தார், நசுங்கவில்லை. முகம் சிவந்தது. உள்ளே போய் மூட்டையிலிருந்து ஒரு படி பருப்பை அள்ளிக்கொண்டு வந்து எல்லோருக்கும் காட்டினார்.

"தங்கச்சி, ஆறு மாசமா நீ பேசுன பேச்சுக்கெல்லாம் நான் வாய தொறக்கல. இன்னைக்கு இத்தினி பேரு முன்னால சொல்லிட்ட. இதே மூட்ட, நீ வாங்குன அதே பருப்பு. இந்தா, பாஷா ஓட்டல் அடுப்புல போடலாம். வேகலன்னா நாளைக்கு ஷட்டர எறக்கிடறேன். வெந்துச்சின்னா நீ இன்னா பண்ணுவ?"

போட்டுப் பார் என்று தலையை ஆட்டினாள். வேகாது என்று அவளுக்கு அவ்வளவு உறுதி.

ஓட்டல் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக் கொடுக்கிற மஹ்பூபி கால்வாய்த் தெருக்காரிதான், கமலவேணிக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறவள். அவளிடம் பருப்பைக் கொடுத்தார்கள். கமலவேணி கடையிலேயே நின்றாள். கூட்டமும் நின்றது. பொருள் வாங்கி முடித்தவர்கள்கூட மறந்ததை ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரி நின்றார்கள். அரைமணி ஆகியிருக்காது, மஹ்பூபி ஒரு எவர்சில்வர் தட்டில் பருப்பைக் கொண்டுவந்து வைத்தாள். கமலவேணியின் முகத்தைப் பார்க்காமல் வைத்தாள். கரண்டியால் தொடத் தேவையே இல்லை, வெண்ணெயாகக் குழைந்திருந்தது.

ஒருத்தி சிரித்தாள். யார் என்று கமலவேணி திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து வருஷப் பெயர் மொசைக் தரையில் விழுந்து கிடந்தது, எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் கெட்டுப்போனது அவள் கைதான்.

ஹபீப் பாய் ஜெயித்த மனுஷனாக நடந்துகொள்ளவில்லை. கூட்டத்தை வேலையைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டு, கடைக்கு வெளியே திறந்து வைத்திருந்த கல் உப்பு மூட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீ உப்பு வாங்கி எத்தினி நாளாச்சு?"

அவளுக்கு நினைவில்லை. பொங்கலுக்கு வாங்கியது. அதுவும் பொங்கலன்று மங்கலமாக இருக்கட்டும் என்று வாங்கியது.

"எட்டு பேருக்கு ஆக்குறவ. மாசம் ரெண்டு படி வாங்குவ. இப்ப மூணு மாசமா இந்த மூட்ட பக்கம் நீ திரும்பல. நீ மட்டும் இல்ல, உங்க தெருவுல யாருமே உப்பு வாங்கறதில்ல. சோப்பு ஜாஸ்தி, உப்பு கம்மி. மத்த தெரு ஆளுங்க எப்பவும் போல வாங்குறாங்க. நான் கடைக்காரன், எனக்குத் தெரியாம இருக்குமா? ஆனா எனக்கும் மண்டையில இன்னைக்கித்தான் ஏறுது. தண்ணிம்மா. உங்க தெரு தண்ணி உப்பாய்டிச்சி."

கமலவேணி அந்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தாள். உண்மைதான். கொஞ்ச நாளாகக் குழம்புக்குக் கால்வாசி உப்புதான் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுவிட்டு ருசி பார்த்தால் சரியாக இருந்தது. சிக்கனமாக உப்புப் போடக் கற்றுக்கொண்டேன் என்று மஹ்பூபியிடம் பெருமைகூட அடித்திருக்கிறாள். மஹ்பூபியும் நானும்தான் என்று சொல்லியிருக்கிறாள். குடிக்க முனிசிபல் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று குடம் வரும், அது குடிக்க மட்டுமே காணும். சமையலுக்கும் துவைக்கவும் கிணறு. கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்க்கிற வழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது. பருப்பு வேகாததை அவரவர் தங்கள் கைக் குறை என்று வெளியே சொல்லாமல் மறைத்திருக்க வேண்டும்.

கோடை பாரு, கோடையில தண்ணி எறங்கினா இப்படி ஆகும்னு சொல்லுவாங்க என்று ஹபீப் பாய் ஒரு காரணம் சொன்னார். ஆவணியில் ஏது கோடை என்று அவள் மனசு கேட்டது. கெட்ட வார்த்தை பேசிய வாயால் மன்னிப்புக் கேட்க வரவில்லை. ஓட்டல்காரன் எந்தத் தண்ணியில் ஆக்குகிறான் என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோடிக்குப் போனாள்.

ஓட்டல் பின்கட்டில் சிமெண்ட் தொட்டி. தினமும் விடியற்காலை மலையடிவாரத்து விவசாயக் கிணற்றிலிருந்து டிராக்டரில் தண்ணீர் வருகிறதாம். எப்போதிலிருந்து என்று கேட்டாள். போன வருஷத்திலிருந்து, காம்ப்ளெக்ஸ் போர் தண்ணியில் பிரியாணி நிறம் மாறிவிட்டது, முதலாளி உடனே டிராக்டர் ஏற்பாடு பண்ணிவிட்டார் என்றாள் மஹ்பூபி. எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் அவ்ளோதான் அக்கா, தெருவுக்கும் அதே கதின்னு தோணலியே என்று தலையில் அடித்துக்கொண்டாள். தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தாள் கமலவேணி. இனித்தது. அந்த இனிப்பு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

சமையல்கட்டுக்கும் சாப்பிடுகிற இடத்துக்கும் நடுவே தட்டு நீட்டுகிற ஜன்னல். அதன் வழியாக அவள் தற்செயலாகப் பார்த்தாள். கடைசி பெஞ்சில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முதுகை வளைத்து ஒருத்தன் குஸ்கா சோற்றில் தால்சாப் பருப்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். அந்த முதுகை அவளுக்குப் பதினாறு வருஷமாகத் தெரியும்.

"எத்தினி நாளா வர்றாரு?" என்று கேட்டாள்.

மஹ்பூபி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். உனக்குத் தெரியும்னு நெனச்சேன் அக்கா என்றாள். ஆடி மாசத்திலிருந்து தினமும் மதியம் என்று மறுபடி கேட்ட பிறகுதான் சொன்னாள்.

கமலவேணி ஓட்டலில் சத்தம் போடவில்லை. நேராகப் போய் அவன் எதிரே நின்றாள். சம்பத் நிமிர்ந்தான். வாயில் சோறு.

"வயிறு இப்ப எப்பிடி இருக்குது?" என்று கேட்டாள்.

அவன் கையைக் கழுவாமலே எழுந்து அவள் பின்னால் மாடி ஏறினான். பூட்டிக் கிடந்த கடைகளுக்கு முன்னால் ஆளில்லாத வராந்தா. அங்கிருந்து பார்த்தால் டேனரி கூரை தெரியும், அதற்குப் பின்னால் கழிவுத் தண்ணீர் தேங்கி நிற்கிற குட்டை தெரியும். குட்டையிலிருந்து ஏரிக் கால்வாய் கறுப்பாகக் கிளம்பி கால்வாய்த் தெரு வீடுகளின் முதுகை ஒட்டிப் போவது தெரியும். கீழே இருக்கும்போது அது சாக்கடையோடு சாக்கடையாகத்தான் தெரியும். ஊரே நாறுகிற ஊரில் ஒரு கால்வாயின் நாற்றத்தை யார் தனியாகக் கண்டுபிடிப்பது?

"தண்ணி கெட்டுப்போச்சுன்னு உனுக்குத் தெரியுமா?" என்றாள்.

சம்பத் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன், சொல்லாமல் இருக்க மட்டும் நன்றாகத் தெரிந்தவன்.

"குட்ட ரொம்பிச்சின்னா மதகுப் பலகைய தூக்கித் தண்ணிய கால்வாய்ல உடணும். விடியக்காத்தால மொத சங்குக்கு முன்னால. அதான் என் வேல."

"பம்பு பாக்கறேன்னு சொன்ன."

"பம்பும் பாக்கறேன்."

"எத்தினி நாளா தூக்கற?"

"ரெண்டு வருசமா. சுண்ணாம்புக் குழியிலேர்ந்து என்ன ஏத்தி உட்டாரே சூப்பர்வைசர் கங்காதரன், அன்னையிலேர்ந்து."

அந்த நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது. பன்னிரண்டு வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் இழுத்தவன். பாதம் வெந்து, விரல் இடுக்கெல்லாம் புண். குழியிலிருந்து ஏற்றிவிட்டார்கள் என்று அவன் வந்து சொன்ன அன்று அவள் கெங்கையம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். கங்காதரன் வீட்டுக்கும் ஒரு தூக்கு அனுப்பினாள்.

"கெணறு கெட்டது எப்ப தெரியும்?"

"போன ஆடியில. வேலய உட்டு வந்து நம்ம கெணத்தாண்ட கால் கழுவுனேன். புண்ணு எரிஞ்சிது. குட்டத் தண்ணி பட்டா எரியும்ல, அதே எரிச்சலு. அப்பவே தெரிஞ்சிபோச்சி."

"அப்பலேர்ந்து இங்க துன்ற."

"தொண்டையில எறங்கல வேணி. அது எதுலேர்ந்து வர்ற தண்ணின்னு தெரிஞ்சப்புறம் எனுக்கு எறங்கல."

"எனுக்கு எறங்கிச்சே. அந்த எட்டுப் பேருக்கு எறங்கிச்சே."

அவன் டேனரி கூரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். சொன்னால் நீ தெருவைக் கூட்டுவாய், தெரு டேனரி வாசலில் போய் நிற்கும், என்னை மறுபடி குழியில் இறக்குவார்கள், இல்லாவிட்டால் வெளியே அனுப்புவார்கள், இந்தக் காலோடு குழியில் ஒரு மாதம் தாங்க மாட்டேன் என்று முணுமுணுத்தான். நான் தூக்காவிட்டால் இன்னொருத்தன் தூக்கப்போகிறான் என்றும் சொன்னான்.

கமலவேணி அவன் பாதத்தைப் பார்த்தாள். அவன் காலுக்காக அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. பதினான்கு வருஷமாகத் தினமும் ராத்திரி தேங்காயெண்ணெய் தடவுகிறவள் அவள்தான். ஆனால் அந்த வருத்தத்தை இன்றைக்கு எடுத்து நீட்டுகிறானே என்பதுதான் அவளைக் கொதிக்க வைத்தது.

"உன் கால நான் பாக்கலியா? எங்கிட்ட சொல்லியிருந்தா, உன் காலுக்காவ நானே வாய மூடிக்னு இருந்திருப்பனோ இன்னாவோ. அது வேற. என் கை கெட்டுப்போச்சுன்னு தெருவே பேசிச்சு. நீ பக்கத்துல குந்திக்னு கேட்டுக்னு இருந்த. நான் ராவுல அழுதப்ப அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்ன. பாய திருடன்னு நான் ஊரறிய ஏசறேன், நீ அவரு கடைக்கு நாலு கட தள்ளி குந்தி தால்சா ஊத்திக்னு துன்ற. மேல ஓமத் திரவம் வேற நான் வாங்கியாறேன். அது எங்கய்யா ஊத்துன? அதையும் கால்வாய்லயா?"

"வேணி, மெல்லப் பேசு."

"மெல்லத்தான் பேசறேன். நான் கத்துனா எப்பிடி இருக்கும்னு உனுக்குத் தெரியும்."

டேனரியில் மதிய இடைவேளை முடிகிற சங்கு ஊதியது. அவன் இறங்கிப் போய்விட்டான். அவள் அந்த வராந்தாவில் தனியாக நின்று அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். தன் வீட்டுக் கிணறு எங்கே இருக்கும் என்று கூரைகளை எண்ணிக் கண்டுபிடித்தாள்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஒரு வாளி இறைத்து, ஒரு வாய் குடித்தாள். குமட்டியது. தெரிந்த பிறகு எல்லாம் தெரிகிறது, பதப்படுத்தாத தோலின் முடை வாடைகூட அதில் இருந்தது. துப்பவில்லை, வேண்டுமென்றே விழுங்கினாள்.

அடுத்த இரண்டு நாளும் அவனோடு பேசவில்லை. மஹ்பூபி தயவில் ஓட்டல் தொட்டியிலிருந்து இரண்டு குடம் தூக்கிவந்து ஆக்கினாள். வீரபாகு கேரியரைத் திருப்பிக் கொடுக்கும்போது பழைய கை திரும்பிடுச்சு அக்கா என்றார். அவள் சிரிக்கவில்லை. சனிக்கிழமை ஹயாத் பாஷா மஹ்பூபியைக் கூப்பிட்டு, ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் தெருவே வரும், டிராக்டர் தண்ணி எனக்கே பத்தவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. தப்புச் செய்தவன் வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் அவளே வாயைத் திறந்து, தெருவுக்கு நீ சொல்கிறாயா என்று அன்று ராத்திரி கேட்டாள். கொஞ்ச நாள் போகட்டும், மழை வந்தால் தண்ணி மாறும் என்றான். அவளே சொல்லியிருக்கலாம். குழாயடியில் ஒரு வார்த்தை போதும். ஆனால் அவள் சொன்னால் அது பெண்டாட்டி புருஷனைக் காட்டிக்கொடுத்ததாக முடியும். அவன் தலையைக் குனிந்துகொண்டு பாவப்பட்டவனாகிவிடுவான். அந்த வசதியை அவனுக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டேனரி லீவு. காலை பத்து மணிக்கு அடுப்பை மூட்டி, கிணற்றுத் தண்ணீரில் உலை வைத்து, ஹபீப் பாய் கடைப் பருப்பைக் களைந்து போட்டாள். சம்பத்தைக் கூப்பிட்டு அடுப்புக்கு முன்னால் உட்காரச் சொன்னாள்.

"இது வேகற வரிக்கும் எழுந்திரிக்காத. நான் ஆறு மாசம் குந்துனேன். நீ ஒரு பொழுது குந்து. சாப்பாட்டு ஆளுங்க வருவாங்க. நீயே போடு."

வேண்டாம் வேணி என்றான். அவள் விறகுக் கட்டை அவன் கைக்கு எட்டுகிற இடத்துக்கு நகர்த்திவிட்டு, புடவை மாற்றி, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டாள். செருப்பைப் பார்த்த தெரு இன்றைக்குச் சண்டை இல்லை என்று நிம்மதியாக இருந்தது.

முதலில் ஹபீப் பாய் கடை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பத்துப் பேர் கேட்க, பாய், உங்கள் பருப்பு நல்ல பருப்பு, நான் பேசியது தப்பு என்று சொன்னாள். சொல்லும்போது கண்ணைத் தராசுத் தட்டில் வைத்துக்கொண்டாள், அதற்காகவும் சம்பத் மேல் கோபம் வந்தது. அவர், உடு தங்கச்சி, பேஜாரு புடிச்ச தண்ணி, நீ இன்னா பண்ணுவ என்றார்.

பிறகு கோடிக்குப் போனாள். நாற்பது வயதில் தனியாக ஒரு ஓட்டலில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டதில்லை. அந்த ஓட்டலில் பொம்பிளைகள் பார்சல் வாங்குவார்கள், அல்லது குடும்பத்தோடு வந்து துணித் திரைக்குப் பின்னால் உட்காருவார்கள். அவள் முன்பக்க மேஜையில், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். ஹயாத் பாஷா கல்லாவிலிருந்து எழுந்து, உள்ள ஃபேமிலி ரூம் இருக்குதும்மா என்றார். இங்கேயே இருக்கட்டும், என் வீட்டுக்காரர் சாப்பிடுவது எதுவோ அதையே கொடுங்கள் என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்த மஹ்பூபி தானே தட்டை எடுத்துவந்து வைத்தாள்.

குஸ்கா, தால்சா, கத்திரிக்காய்த் தொக்கு. தால்சாவில் பருப்பு எது, சாறு எது என்று தெரியாமல் குழைந்திருந்தது. ஒரு கவளம் வைத்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. ருசியாக இருந்ததுதான் ஆத்திரம். ஆடியிலிருந்து இந்தப் பங்குனி வரை அவன் தினமும் இதைச் சாப்பிட்டிருக்கிறான். சாப்பிட்டுவிட்டு ராத்திரி வந்து அவள் பிழைப்பு போவதைப் பார்த்துக்கொண்டே மோர் குடித்திருக்கிறான். அவள் நிதானமாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். ரோட்டில் போன தெருக்காரிகள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு கரண்டி தால்சா கேட்டு வாங்கினாள்.

திரும்பி வந்தபோது மணி இரண்டரை. வாசலில் நாலு ஜோடிச் செருப்பு. வீரபாகுவும் மற்ற மூன்று பேரும் முற்றத்தில் கேரியரோடு நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே விறகுக் கட்டு முக்கால்வாசி தீர்ந்திருந்தது. சம்பத் கண் இரண்டும் சிவந்து, வியர்த்து, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் பருப்பு ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் முற்றம்வரை கேட்டது.

"இன்னா அக்கா, அண்ணன அடுப்பாண்ட குந்த வெச்சிட்ட" என்றார் வீரபாகு. பசியிலும் தமாஷாகத்தான் கேட்டார். "ரெண்டு நாளு நல்லா இருந்திச்சி. மறுபடியும் பாயி பழைய பருப்ப குடுத்துட்டாரா?"

கமலவேணி சம்பத்தைத் திரும்பிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து தூணில் சாய்ந்து நின்றாள். சம்பத் அவள் வெறுங்காலைப் பார்த்தான். வீரபாகு டேனரியில் தோல் புரட்டுகிற டிரம் ஓட்டுகிறவர். அந்த நாலு பேரிடம் சொல்வதும் கங்காதரனிடம் நேராகப் போய்ச் சொல்வதும் ஒன்றுதான், திங்கட்கிழமை முதல் சங்குக்குள் அது போய்ச் சேர்ந்துவிடும். ஆமாம், பழைய பருப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அவன் வாய் அதற்குத் தயாராகி ஒரு தடவை திறந்து மூடியதை அவள் பார்த்தாள். அவன் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான். பிறகு கரண்டியை உலைக்கு மேலேயே வைத்துவிட்டான்.

"பருப்பு நல்ல பருப்புதான்" என்றான். "தண்ணி கெட்டுப்போச்சி. குட்டப் பலகைய நான்தான் தூக்கிக் கால்வாய்ல உடறேன். ரெண்டு வருசமா."

வீரபாகு கையிலிருந்த கேரியரைக் கீழே வைத்தார். அவருடைய பல் வலி, சோடா போட்ட பருப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இரண்டு நாள், எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. அவர் எதுவும் திட்டவில்லை. நேராகக் கிணற்றங்கரைக்குப் போய்க் குனிந்து உள்ளே பார்த்தார்.

சம்பத் எழுந்திருக்கப் பார்த்தான். ஒரு கால் மரத்துப்போய் இடறியது.

"குந்து" என்றாள் கமலவேணி. சத்தமாகச் சொல்லவில்லை. "இன்னும் வேகல. நாலு பேருக்குத்தான் சொல்லியிருக்க. இந்தக் கெணறு நாலு வீட்டுக்கு. தெருவுல இன்னும் முப்பது வீடு இருக்குது. நான் போய் ஒவ்வொருத்தரா அனுப்பறேன். வந்து கேப்பாங்க, பருப்பு ஏன் வேகலன்னு. எல்லாத்துக்கும் நீயே சொல்லு."

மீதியிருந்த விறகை எடுத்து அடுப்புக்குள் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள்.